மூட்டு வைத்த காகிதம்

உலகின் முதல் முழுநீள அனிமேஷன் படம் எது என்ற கேள்விக்கு வால்ட் டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்' (1937) என்று விடை தரும் பொது அறிவு நூல்களைப் பலரும் படித்திருப்போம். வினாடி வினா மேடைகளில் இவ்விடைக்கு முழு மதிப்பெண்ணும் கைதட்டலும் கிடைப்பதைக் கண்டிருக்கிறேன். இந்த விடை குறைந்தது இரண்டு முறை தவறு. 'ஸ்னோ ஒயிட்'டுக்குப் பதினோரு ஆண்டுகள் முன்பே பெர்லின் நகரில் லோட்டே ரைனிகர் என்ற பெண்ணின் 'இளவரசன் அக்மதின் சாகசங்கள்' (1926) திரையேறிவிட்டது. அதற்கும் ஒன்பது ஆண்டுகள் முன்பு, 1917 நவம்பரில், புவெனஸ் அயர்ஸ் நகரத்து மக்கள் க்விரீனோ கிறிஸ்தியானி எடுத்த 'எல் அப்போஸ்தோல்' என்ற படத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து பார்த்துச் சிரித்திருக்கிறார்கள்.

யார் முதல் என்ற சண்டையில் எனக்கு அதிக நாட்டமில்லை. என்னை ஈர்த்தது வேறொன்று. இவ்விரண்டு படங்களிலும் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒரு புதுச் சித்திரம் வரையப்படவில்லை. அட்டையில் உருவத்தை வரைந்து, தலை, கை, முழங்கை, தொடை எனத் தனித்தனியே வெட்டி, மறுபடி சேர்த்துக் கட்டி, அந்த ஒரே உருவத்தை நகர்த்தி நகர்த்திப் படம்பிடித்திருக்கிறார்கள். அனிமேஷன் வரலாற்றைப் பென்சிலிலிருந்து தொடங்குவது நமக்குப் பழகிப்போயிற்று. முழுநீளப் படத்தைப் பொறுத்தவரை அது தொடங்கியது கத்தரிக்கோலில். இன்னும் சரியாகச் சொன்னால் மூட்டில்.

மூட்டு என்று சொல்வது எளிது. செய்து பார்த்தால்தான் தெரியும். பழைய கல்யாணப் பத்திரிகைகளின் தடித்த அட்டையில் ஒரு மனித உருவத்தை வெட்டி, தோளிலும் இடுப்பிலும் துளையிட்டு, நூல் கோத்து முடிச்சுப் போட்டுப் பார்த்தேன். முடிச்சை இறுக்கினால் கை அசையவில்லை. வலிந்து அசைத்தால் அட்டை மடங்கிற்று. தளர்த்தினால் கை தொளதொளவென்று தொங்கிற்று. பத்து இருபது முறை ஆட்டியதும் துளை அகன்று, அதன் விளிம்பில் காகிதம் பஞ்சு போலப் பிரியத் தொடங்கிவிட்டது. காகிதம் இழைகளால் ஆனது. அதற்கு ஓர் இழையோட்டமும் உண்டு. அந்த ஓட்டத்தோடு ஒத்து நீளவாக்கில் வெட்டிய கை விறைப்பாக நிற்கும். குறுக்கே வெட்டினால் அதே அட்டை துவளும். ஒரே தாளில் இருந்து இரண்டு கைகளை இரண்டு திசையில் வெட்டியதால் என் உருவத்துக்கு ஒரு கை பயில்வானுடையதும் மற்றொன்று நோயாளியுடையதுமாக அமைந்துவிட்டது. அதன் பிறகுதான் இந்தக் கலையை விளையாட்டு என்று ஒதுக்கிவிடக்கூடாது என்பது புரிந்தது.

காகிதத்துக்கு மூட்டு வைக்கும் வழக்கம் சினிமாவைவிட மிகப் பழையது. நகரும் வட்டுக்களைக் கொண்ட வானியல் ஏடுகளை விட்டுவிட்டு மனித உருவங்களை மட்டும் எடுத்துக்கொண்டால், 1746-47 குளிர்காலத்தில் பாரிஸைப் பிடித்தாட்டிய ஒரு மோகத்தைச் சொல்லியாக வேண்டும். பாந்தேன் என்றழைக்கப்பட்ட அட்டைப் பொம்மைகள் அவை. முதுகுப்புறம் தொங்கும் கயிற்றை இழுத்தால் கைகளும் கால்களும் ஒருசேரத் தூக்கும்; விட்டால் விழும். பார்பியே என்ற வழக்குரைஞர் தம் நாட்குறிப்பில் இந்தக் கூத்தைப் பதிவு செய்திருக்கிறார். குழந்தைகளுக்கென்று வந்த பொம்மை, சில வாரங்களில் பிரபுக்களின் வரவேற்பறையில் தொங்கிற்று. ஷார்த்ர் சீமாட்டி, புகழ்பெற்ற ஓவியர் பூஷேயைக் கொண்டு தீட்டிய ஒரு பாந்தேனுக்கு 1500 லிவ்ர் கொடுத்தாராம். கர்ப்பிணிகள் இந்தப் பொம்மையைப் பார்த்தால் கைகால் முறுக்கிய பிள்ளை பிறக்குமென்று அஞ்சிக் காவல்துறை தடை விதித்ததாக ஒரு கதையும் உலவுகிறது. கதை என்ற அளவில் அதை ரசிக்கலாம்.

அடுத்த நூற்றாண்டில் பிரான்ஸின் எபினால் நகரத்து அச்சகங்கள் இதே பொம்மைகளை ஏழைகளுக்கான மலிவுத் தாள்களில் அச்சிட்டன. தாளை வாங்கி, அட்டையில் ஒட்டி, வெட்டி, கயிறு கட்டிக்கொள்ள வேண்டியது வாங்குபவரின் வேலை. 1500 லிவ்ர் பொம்மைக்கும் இந்தப் பொம்மைக்கும் வேலை செய்யும் விதத்தில் வேறுபாடு ஒன்றுமில்லை. இரண்டிலும் மூட்டு தளர்வாக இருந்தாக வேண்டும். கயிற்றை விட்டதும் கை தன் எடையால் தானே விழுவதுதான் பாந்தேனின் உயிர். எத்தனை அழகாகத் தீட்டினாலும் அதற்கு ஓர் அசைவுதான். எல்லா உறுப்பும் ஒரே நேரத்தில் எழும், ஒரே நேரத்தில் விழும். ஆகவேதான் ஒரு குளிர்காலத்தில் ஏறிய மோகம் சில ஆண்டுகளில் இறங்கிவிட்டது என நினைக்கிறேன்.

இந்த ஒற்றை அசைவை உடைத்தவர் ஒரு ஜெர்மானியர். லோதார் மெக்கன்டார்ஃபர் (1847-1925) மியூனிக் நகரத்துக் கேலிச்சித்திரக்காரர். நகைச்சுவை இதழ்களில் படம் வரைந்து பிழைத்தவர். தம் மகனுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகச் செய்த ஒரு நகரும் படப் புத்தகமே அச்சேறி அவரை இத்துறைக்குள் கொண்டுவந்தது என்பார்கள். 1870களின் இறுதியில் தொடங்கிய அவருடைய நகரும் நூல்கள் பல மொழிகளில் வெளியாயின. பக்கத்தின் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன அட்டைப் பட்டையை இழுக்கிறோம். படத்திலுள்ள மனிதனின் கை உயர்கிறது. அதே நொடியில் தலை வேறு பக்கம் சாய்கிறது, கண் உருள்கிறது, வாய் திறக்கிறது. ஒவ்வொன்றும் தனித் திசையில், தனி வேகத்தில். சில படங்களில் ஓர் உறுப்பு அசைந்து முடிந்த பிறகே மற்றொன்று அசையத் தொடங்கும். கேலிச்சித்திரக்காரருக்கு நேரத்தின் அருமை தெரியும் அல்லவா? சிரிப்பு அந்தத் தாமதத்தில்தான் இருக்கிறது.

பக்கத்தைப் பிரித்துப் பார்த்தால், ஒட்டிய இரண்டு தாள்களுக்கு நடுவே அட்டை நெம்புகோல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்கும். அவற்றை இணைப்பவை தறையாணிகள். அந்தத் தறையாணிகளை மெக்கன்டார்ஃபர் மெல்லிய செப்புக் கம்பியால் செய்தார். கம்பியின் ஒரு முனையை இறுக்கமான சிறு சுருளாகச் சுற்றி, மறுமுனையை அட்டைகளின் துளை வழியே செலுத்தி, அப்பாலும் சுருட்டிப் படுக்கவைத்துவிடுவது. குண்டூசித் தலை அளவுக்குக் கொஞ்சம் கூடுதல். நான் நூல் முடிச்சில் தோற்ற இடம் இதுதான். முடிச்சு துளையின் விளிம்பை அறுக்கிறது. செப்புச் சுருளோ இழுவிசையைத் துளையைச் சுற்றிலும் பரப்பிவிடுகிறது. கம்பி வழுவழுப்பானதால் அட்டை தடையின்றிச் சுழலும், சுருள் தட்டையானதால் பக்கம் புடைக்காது. ஒரு நூலில் இத்தகைய சுருள்கள் எத்தனையோ இருக்கும். அவ்வளவும் கையால் சுற்றியவை. அச்சும் கைவேலையும் சேர்ந்தே அந்நூல்கள் உருவாயின.

இத்தனை செய்தும் மெக்கன்டார்ஃபருக்கு ஒரு பகைவர் இருந்தார். அவருடைய வாசகர்தான். நான்கு வயதுக் குழந்தை பட்டையை மெல்ல இழுக்குமா? அவருடைய ஒரு நூலின் முகப்பில் குழந்தைகளுக்கு ஓர் எச்சரிக்கைப் பாட்டே உண்டு. இந்த மனிதர்களும் விலங்குகளும் உன் சொற்படி ஆடுவார்கள், ஆனால் அவர்கள் உடம்பு காகிதம், ஆகவே பார்த்து நடந்துகொள் என்பது அதன் சாரம். எந்த நூலாசிரியரும் தம் நூலை அதிகம் படிக்காதே என்று வாசகனைக் கெஞ்சியதில்லை. இவர் கெஞ்சியிருக்கிறார். இன்று பழைய நூல் சந்தையில் எல்லாப் பட்டைகளும் இயங்கும் ஒரு மெக்கன்டார்ஃபர் பிரதி கிடைப்பது அரிது. அப்படிக் கிடைத்தால், அதை வைத்திருந்த குழந்தை ஒன்று மிகவும் சாதுவாக இருந்திருக்க வேண்டும், அல்லது அதற்கு அந்தப் புத்தகம் பிடிக்காமல் போயிருக்க வேண்டும். அதிகம் நேசிக்கப்பட்ட பிரதிகளே அழிந்தவை.

1914-இல் தொடங்கிய முதல் உலகப் போரோடு ஜெர்மனியின் வண்ண அச்சுத் தொழிலின் பொற்காலமும் அதை நம்பிய நகரும் நூல்களும் சரிந்தன. நெடுங்காலம் அவர் பெயர் சேகரிப்பாளர்களுக்குள் மட்டும் புழங்கியது. 1985-இல் அவருடைய இயக்கமுறைகளை மறுபதிப்பாகக் கொண்டுவந்த நூலுக்கு மாரிஸ் செண்டாக் பாராட்டுரை எழுதினார். 1998 முதல் சிறந்த நகரும் நூல்களுக்கு அமெரிக்க அமைப்பொன்று மெக்கன்டார்ஃபர் பெயரிலேயே பரிசு வழங்குகிறது.

ஜெர்மனியின் அச்சகங்கள் போரில் முடங்கிக் கிடந்த அதே காலத்தில், கடலுக்கு அப்பால் அர்ஜென்டினாவில் அட்டை உருவம் புத்தகத்தை விட்டுத் திரைக்கு ஏறியது. க்விரீனோ கிறிஸ்தியானி (1896-1984) இத்தாலியில் பிறந்து சிறுவயதில் புவெனஸ் அயர்ஸில் குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்தவர். செய்திப்படங்கள் எடுத்துக்கொண்டிருந்த ஃபெதரிகோ வாலே என்ற தயாரிப்பாளர் இளைஞரான கிறிஸ்தியானியிடம் அரசியல் கேலிச்சித்திரங்களைத் திரையில் ஆடவைக்க முடியுமா என்று கேட்டார். ஒரு குறும்படம் வெற்றி பெற்றது, அடுத்தது முழுநீளம். கை, கால், தலை அசையும்படி வெட்டிச் சேர்த்த அட்டை உருவங்களை வைத்துப் படமெடுக்கும் தம் முறைக்குக் கிறிஸ்தியானி காப்புரிமையும் பெற்றார். ஆயிரக்கணக்கான தாள்களில் வரைவதற்குத் தேவையான ஆட்களோ பணமோ இல்லாத ஒரு நகரத்தில், இருபத்தொரு வயதுப் பையன் ஒரு மணி நேரப் படத்தை முடித்தது எப்படி என்பதற்கு அந்தக் காப்புரிமையே பதில்.

படத்தின் கதை அன்றைய குடியரசுத் தலைவர் இரிகோயெனைப் பற்றியது. ஊழலை ஒழிக்கப் புறப்பட்ட அவர் தேவலோகம் சென்று ஜூபிடரின் இடியை இரவல் வாங்கிவந்து புவெனஸ் அயர்ஸ் நகரத்தையே எரித்துவிடுகிறார். 1926-இல் வாலேயின் படக்கூடத்தில் தீப்பிடித்து அந்தப் படமும் சாம்பலாயிற்று. கிறிஸ்தியானியின் இரண்டாவது முழுநீளப் படமும் (1918) இன்று இல்லை. 1931-இல் ஒலியுடன் எடுத்த 'பெலுதோபொலிஸ்' படமும் அவருடைய சொந்தக் கூடத்தில் பின்னாளில் நேர்ந்த தீவிபத்துகளில் போயிற்று. 1941-இல் டிஸ்னி தென்னமெரிக்கப் பயணமாக வந்தபோது கிறிஸ்தியானியைச் சந்தித்திருக்கிறார். தாம் முதன்முதலில் செய்ததாக உலகம் நம்பியதை இருபது ஆண்டுகளுக்கு முன்பே செய்து முடித்தவர் எதிரே நின்றபோது டிஸ்னிக்கு என்ன தோன்றியிருக்கும்? கிறிஸ்தியானியின் கதை உலகுக்குத் தெரியவந்தது, இத்தாலிய ஆய்வாளர் ஜான்அல்பெர்த்தோ பெந்தாட்ஸி 1980களில் அதைத் தேடித் தொகுத்த பிறகுதான்.

'எல் அப்போஸ்தோல்' எரிந்த 1926-இலேயே, அதைப் பற்றி ஏதும் அறியாமல், பெர்லினில் ரைனிகரின் படம் வெளியானது.

லோட்டே ரைனிகர் (1899-1981) நடிகையாக விரும்பி மாக்ஸ் ரைன்ஹார்ட்டின் நாடகப் பள்ளியில் சேர்ந்தவர். பக்கத்திரை மறைவில் நின்று, மேடையில் நடிப்பவர்களைக் கறுப்புத் தாளில் நிழலுருவாக வெட்டிக்கொண்டிருப்பார். கத்தரிக்கோலை ஆட்டாமல் ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு, இடக்கையால் காகிதத்தை அதனுள் திருப்பித் திருப்பிச் செலுத்துவது அவர் முறை. நடிகரும் இயக்குநருமான பால் வேகெனர் இந்தக் கைத்திறனைக் கண்டு, தம்முடைய 1918ஆம் ஆண்டுப் படமொன்றில் எழுத்துப் பலகைகளுக்கு நிழலுருவம் செய்யும் வேலையைக் கொடுத்தார். மறு ஆண்டே ரைனிகரின் முதல் குறும்படம் வந்தது. 1921-இல் கார்ல் கோஹைத் திருமணம் செய்துகொண்டார். கடைசிவரை அவர் படங்களின் ஒளிப்பதிவைப் பார்த்துக்கொண்டவர் கணவரே.

1923, ஜெர்மனியில் பணவீக்கத்தின் உச்சம். லூயி ஹாகன் என்ற வங்கியாளர் பணத்தின் மதிப்பு கரைவதற்குமுன் பெருமளவு படச்சுருளை வாங்கிப் போட்டிருந்தார். அதைக் கொண்டு முழுநீள நிழல் படம் எடுக்கலாமே என்றார் அவர். பொட்ஸ்டாமில் அவர் வீட்டருகே இருந்த கார் கொட்டகையின் மாடியில் வேலை தொடங்கியது. கூரை தாழ்ந்தது; கேமராவை மேலே பொருத்தினால் கண்ணாடி மேசையைத் தரையோடு தரையாக வைக்க வேண்டியிருந்தது. பிரித்துப் போட்ட பழைய காரின் இருக்கையில் மண்டியிட்டுக்கொண்டு ரைனிகர் உருவங்களை நகர்த்தினார். மூன்று ஆண்டுகள். கூட இருந்தவர்கள் கணவரும், வால்டர் ருட்மான், பெர்டோல்ட் பார்டோஷ் என்ற இரு கலைஞர்களும், இன்னும் ஓரிருவரும் மட்டுமே. பணத்தாள் மதிப்பிழந்த ஆண்டில் அரேபியக் கதைக்கு உருவம் வெட்டிக்கொண்டிருக்கிறோமே, இதற்கும் 1923-க்கும் என்ன சம்பந்தம் என்று ருட்மான் கேட்டதாக ரைனிகர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். நான் இப்போது உயிரோடிருக்கிறேன், இதைச் செய்ய விரும்புகிறேன், அவ்வளவுதான் என்பது அவர் சொன்ன பதிலின் கருத்து.

இப்போது அந்த உருவங்களுக்கு வருவோம். கறுப்பு அட்டையும் மெல்லிய ஈயத்தகடும் கொண்டு உறுப்புகளை வெட்டி, சிறு கம்பி மூட்டுகளால் இணைத்தார். ஈயம் எதற்கு? உருவம் கண்ணாடிமேல் சற்றும் எழும்பாமல் படிந்து கிடக்க வேண்டும். கீழிருந்து வரும் விளக்கொளி விளிம்பில் கசிந்தால் நிழலின் கூர்மை போய்விடும். மூட்டோ பாந்தேனின் மூட்டுக்கு நேர் எதிரானது. பாந்தேனின் கை விழுந்தால்தான் உயிர். ரைனிகரின் கை விழவே கூடாது. விரலால் ஒரு நூலளவு தள்ளியதும், தள்ளிய இடத்தில் நிற்க வேண்டும். அப்போதுதான் கையை எடுத்துவிட்டு ஒரு ஃப்ரேம் படம்பிடிக்க முடியும். மறுபடி ஒரு நூலளவு, மறுபடி ஒரு ஃப்ரேம். மூட்டின் உராய்வு சற்றே குறைந்தால் பக்கத்து உறுப்பு சேர்ந்து நகர்ந்துவிடும். சற்றே மிகுந்தால் முழு உருவமும் இடம்பெயரும். இப்படி எடுத்துத் தொகுக்கப்பட்ட படம் ஏறக்குறைய 96,000 ஃப்ரேம்கள் என்று சொல்லப்படுகிறது. அண்மைக் காட்சிக்கு அதே பாத்திரத்தின் தலையையும் தோளையும் பெரிய அளவில் தனியாகச் செய்துகொண்டார். பின்னணிகள் மெல்லிய தாள்களை அடுக்கியடுக்கிச் சாயலை ஏற்றிக் குறைத்தவை. கண்ணாடித் தட்டுகளைப் பல அடுக்குகளாக வைத்து ஆழத்தை உண்டாக்கும் உத்தியும் அந்த மாடியிலேயே தோன்றிவிட்டது. டிஸ்னி நிறுவனத்தின் புகழ்பெற்ற பல்லடுக்குக் கேமரா 1937-இல்தான் திரையில் தன் வேலையைக் காட்டியது.

நிழலுருவத்துக்கு முகபாவம் கிடையாது. கண்ணில்லை, புருவமில்லை. துயரமென்றால் கழுத்து மூட்டு குனிய வேண்டும். ஆசையென்றால் மணிக்கட்டு தயங்க வேண்டும். 'அக்மத்' படத்தில் பேரி பானு குளத்தில் இறங்கும் காட்சியைப் பார்த்தவர்களுக்கு, மூட்டுகளைக் கொண்டே ஒரு பெண்ணின் கூச்சத்தை எவ்வளவு தூரம் சொல்லிவிட முடியும் என்பது விளங்கும். சூனியக்காரியும் மந்திரவாதியும் உருவம் மாறி மாறிப் போரிடும் காட்சி இன்னொரு வகை. அங்கே மூட்டுகள் மனித இலக்கணத்தையே மீறுகின்றன.

'ஸ்னோ ஒயிட்' பல நூறு பேர் உழைத்த படம். அந்த நிறுவனத்தில் பெண்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் பிறர் வரைந்ததன்மேல் மை தீட்டி வண்ணம் பூசும் வேலை. ஒவ்வொரு ஃப்ரேமையும் வரைவதென்று முடிவெடுத்தால் தொழிற்சாலை வேண்டும். தொழிற்சாலை வந்தால் முதலும் படிநிலையும் வரும். மூட்டு வைத்த காகிதத்துக்கு ஒரு மாடியும் நான்கைந்து பேரும் போதும். இருபத்துநான்கு வயதுப் பெண் ஒரு முழுநீளப் படத்தை இயக்கும் வாய்ப்பு வேறெந்த வழியில் கிடைத்திருக்கும்? அந்த வழியின் பெயர் வரலாற்று நூல்களில் இல்லாமல் போனது, படங்கள் எரிந்ததால் மட்டும் நேர்ந்ததென்று என்னால் நினைக்க முடியவில்லை. தொழிற்சாலைகள் தங்கள் வரலாற்றைத் தாங்களே எழுதிக்கொள்ள வல்லவை. மாடி அறைகளுக்கு அந்த வசதியில்லை.

ரைனிகரின் படம் தப்பியதும் தற்செயலே. நாஜி ஆட்சியை வெறுத்த அவரும் கணவரும் 1930களின் நடுப்பகுதியில் ஜெர்மனியை விட்டு வெளியேறி, எந்த நாட்டிலும் நிலையாகத் தங்க அனுமதி கிடைக்காமல் பிரான்ஸ், இங்கிலாந்து, இத்தாலி என்று அலைந்தார்கள். நோயுற்ற தாயைப் பார்த்துக்கொள்ள ரைனிகர் பெர்லின் திரும்பினார். 1945-இல் பெர்லின் சண்டையில் 'அக்மத்'தின் மூல நெகட்டிவ் அழிந்தது. லண்டனில் கிடந்த ஒரு பிரதியால்தான் படம் இன்று நமக்கு இருக்கிறது. 1990களின் இறுதியில் ஃபிராங்க்பர்ட் திரைப்பட அருங்காட்சியகம் அதன் பழைய வண்ணச் சாயல்களோடு மீட்டெடுத்தது. 1949-இல் லண்டனில் குடியேறிய ரைனிகர், 1950களில் தொலைக்காட்சிக்காகத் தேவதைக் கதைகளை வரிசையாக எடுத்தார். அந்த நிறுவனத்தை அவரோடு நடத்தியவர் அதே ஹாகனின் மகன். பொட்ஸ்டாம் மாடியில் சிறுவனாக வேடிக்கை பார்த்தவர். 1963-இல் கோஹ் இறந்த பிறகு சில ஆண்டுகள் படமெடுப்பதை விட்டிருந்தார் ரைனிகர். எழுபது வயதுக்கு மேல் கனடாவிலிருந்து அழைப்பு வர, மறுபடியும் மேசைமுன் உட்கார்ந்தார்.

அவர் வெட்டிய உருவங்கள் பல இன்று தெற்கு ஜெர்மனியில் ட்யூபிங்கன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவர் வேலை செய்வதைக் காட்டும் குறும்படம் ஒன்று 1970-இல் எடுக்கப்பட்டது. தடித்த விரல்களும் மூக்குக் கண்ணாடியுமாகப் பேசிக்கொண்டே ஒரு பாட்டி காகிதத்தை வெட்டுகிறார். கத்தரிக்கோல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. காகிதம் மட்டும் அதற்குள் சுழன்று சுழன்று நுழைந்துகொண்டிருக்கிறது.